காதுமாறாட்டம்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காட்டூரில் டவுன் பஸ் ஏறும்போதே இன்னாசி தீர்மானம் செய்துவிட்டார், போனவுடன் கேட்டுவிட வேண்டும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், வாடா வெயில்ல வந்திருக்கே தண்ணி குடி என்று அவன் சொல்வதற்கு முன்னால், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால். உட்கார்ந்துவிட்டால் கேட்க வராது. இந்த நாற்பத்தாறு வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு பெர்க்மான்ஸிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதாக அவருக்கு நினைவில்லை, நின்றுகொண்டும் பேசியதில்லை என்பது வேறு விஷயம். ஜன்னலோர இடம் வெயில் பக்கம்தான் கிடைத்தது. சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த தாள் வியர்வையில் ஊறிக்கொண்டிருப்பது நெஞ்சில் தெரிந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டால் இன்னொரு முறை பிரித்துப் படிக்கத் தோன்றும், வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து எத்தனை முறை படித்தாயிற்று. செசிலிகூட நேற்றுக் கேட்டாள், என்னங்க அது, டாக்டர் சீட்டா, யாருக்கு என்ன என்று. ஒன்றுமில்லை, பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறது, கட்டுரையைப் போட மாட்டார்களாம் என்றார். அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டு அவள் முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள். பெண்டாட்டியிடம் அதற்குமேல் என்ன சொல்வது. தாளின் அடியில் எழுதியவர் பெயர் இல்லை, மதிப்பீட்டாளர் இரண்டு என்று மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அது யார் என்று எனக்குத் தெரியும், மாதம் இரண்டு சனிக்கிழமை நீ முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாயே அவன்தான் என்று சொன்னால் செசிலி நம்பமாட்டாள், சாமியையா சொல்றீங்க என்பாள், சாமி அப்படியெல்லாம் செய்வாரா என்பாள். இப்போதும் மடியில் மஞ்சள் பைக்குள் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இருந்தது. நியாயம் கேட்கப் போகிறவன் ஊறுகாயோடு போகிறான்.

பெர்க்மான்ஸும் அவரும் ஒரே வருஷம் பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சேர்ந்தவர்கள், பதினெட்டு வயதில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிரேக்க எழுத்தைக் கற்றுக்கொண்டவர்கள். ஐந்தாவது வருஷம் இன்னாசியின் அப்பா இறந்துபோனார், வீட்டில் மூன்று தங்கைகள், இன்னாசி பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை கிடைத்தது. முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றும் சந்தியும் திருத்தினார். பெர்க்மான்ஸ் குருப்பட்டம் வாங்கி, ரோமாபுரியில் நாலு வருஷம் படித்து, திரும்பி வந்து கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர் ஆனான். நாலு பேர் இருந்தால் இன்னாசி அவனை ஃபாதர் என்பார், தனியாக இருந்தால் டேய். ஆனால் கிரேக்கத்தை இன்னாசியும் விடவில்லை. அச்சகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் சீட்டைக் கலைத்துப் போடுவார்கள், இவர் மையும் எண்ணெயும் நாறுகிற மேசை ஓரத்தில் அகராதியை விரித்துக்கொள்வார். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, இன்னாசி, இது எந்த ஊர்ப் பாஷை, இதைப் படிச்சா என்ன கிடைக்கும் என்றார். ஒன்றும் கிடைக்காதுங்க என்றார் இவர், சிரித்துக்கொண்டே, ஆனால் மனசுக்குள் ஒன்று இருந்தது, இருக்கத்தான் இருந்தது, ஒருநாள் ஒரே ஒரு சொல்லைப் பற்றி, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்வேன், அதற்குக் கீழே என் பெயர் இருக்கும் என்று. எழுதிய ஒவ்வொன்றையும் முதலில் பார்த்தவன் பெர்க்மான்ஸ்தான். முதலில் இன்லண்ட் லெட்டரில், பிறகு போனில், மூன்று வருஷமாக நேரில், பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, உடம்புக்கு முடியாத சாமியார்கள் தங்குகிற இல்லத்தில் அவனைக் கொண்டுவந்து விட்ட பிறகு.

அரியமங்கலத்தில் பஸ் நின்றது. குப்பைமேட்டுப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, முன் இருக்கைப் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். இன்னாசி வைத்துக்கொள்ளவில்லை. எரிகிற பிளாஸ்டிக்குக்கு அடியில் ஈரமாக ஒரு அழுகல் வாடை, சேறு வாடை, ஒரு ஏரி வாடை என்றுகூடச் சொல்லலாம், அந்த ஏரி எப்படி இருந்திருக்கும். கிரேக்க நாட்டுக்கு வடமேற்கே மலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய ஏரி. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒரு குலம் வாழ்ந்தது, இல்லிரியர் என்று பொதுவாகச் சொல்லப்பட்ட பல குலங்களில் ஒன்று. கிரேக்கர்கள் அவர்களை என்கெலெயிஸ் என்று எழுதிவைத்தார்கள். கிரேக்கத்தில் என்கெலூஸ் என்றால் விலாங்கு மீன். ஆக விலாங்குக்காரர்கள், ஏரியில் விலாங்கு நிறைய, அதனால் அந்தப் பெயர், முடிந்தது. அவர் பார்த்த புத்தகங்களில் எல்லாம் இந்த ஒரு வரிதான். அந்த ஒரு வரியில்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் இன்னாசிக்குக் கால் தடுக்கியது. அது கிரேக்கன் கூப்பிட்ட பெயர் அல்லவா, அவர்கள் தங்களை என்ன என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போன ஜனம். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையிடம் நாம் இன்னார் என்று சொல்லியிருப்பாள் அல்லவா, அந்த இன்னார் என்பது என்ன. அது கிரேக்கன் காதில் விலாங்கு மாதிரி விழுந்திருக்கும், அப்புறம் அவன் கண்ணால் விலாங்கையும் பார்த்திருப்பான், சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருப்பான். தீப்ஸ் நகரத்து ராஜாவும் ராணியும் வயதான காலத்தில் அந்த ஜனத்திடம் போய்ச் சேர்ந்து கடைசியில் பாம்பாக மாறிப்போனார்கள் என்று கிரேக்கர்களிடம் ஒரு கதை உண்டு, விலாங்கு பாம்பு மாதிரிதானே இருக்கும், பெயரைப் பிடித்துக்கொண்டு கதை முளைத்துவிட்டது என்று இன்னாசி எழுதினார். இருபத்திரண்டு பக்கம். கடைசி நாலு பக்கத்தில் அந்த ஜனத்தின் சொந்தப் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு சொல்லை உருவாக்கி, மலைக்கு இந்தப் பக்கத்தார் என்று அதற்குப் பொருளும் சொல்லி, எந்த ஏட்டிலும் இல்லாத ஊகச்சொல்லுக்கு முன்னால் போடுகிற நட்சத்திரக் குறியையும் போட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடுங்கப்பட்ட ஒன்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை. பெர்க்மான்ஸின் அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கத்தையும் வாசித்தார், இரண்டு தடவை தண்ணீர் குடித்துக்கொண்டு. அவன் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தூங்கிவிட்டானோ என்று நிறுத்தினால் ம் என்பான். முடிந்ததும் கண்ணைத் திறந்து, பிரமாதம்டா இன்னாசி, நீ இதுவரைக்கும் எழுதினதுலயே இதுதான், அந்தக் காலாண்டிதழுக்கு அனுப்பிடு என்றான். அனுப்பிடு. அந்த வார்த்தையை இன்னாசி வீடு வரைக்கும் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தார். இப்போது அதே நாக்கில் வேறு வரிகள் ஓடிக்கொண்டிருந்தன, படிக்காமலே வந்தன, முப்பத்தோரு வருஷம் புரூஃப் பார்த்தவனுக்கு எந்தப் பத்தியில் எந்த வரி என்று கண்ணை மூடினாலும் தெரியும். கட்டுரையாளரின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆர்வமாம். ஆயினும் ஆர்வம் சான்றாகாது. மூன்றாவது பத்தி, ஐந்தாவது வரி, இவர் அந்தக் குலத்தாருக்குத் தாமே ஒரு பெயரைச் சூட்டிவிட்டு அதைக் கிரேக்கர் திரித்துவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறார். என்ன வாக்கியம் இது. வேறு யாரைப் பற்றியாவது எழுதியிருந்தால் எழுந்து நின்று ரசித்திருக்கலாம். ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. அதற்கு அடுத்த வரியில்தான் அது இருந்தது. கிரேக்கர் செவியில் நேர்ந்தது காதுமாறாட்டமே என்று நிறுவத் தேவையான இரண்டாவது சாட்சி எதுவும் இக்கட்டுரையில் இல்லை. காதுமாறாட்டம். வியாழக்கிழமை ஜெராக்ஸ் கடையில் மின்னஞ்சலை அச்செடுத்த தாள் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்தபோதே கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. கடைக்காரப் பெண் மூணு ரூபா சார் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சொல் எந்த அகராதியிலும் கிடையாது. குருமடத்தில் கிஷார்தே என்று ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் இருந்தார், வயதானவர், சமையல்கட்டில் வேலை பார்த்த தொம்மையண்ணனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, கிச்சடிச் சாமி என்பார். இரண்டு வருஷத்தில் குருமடமே கிச்சடிச் சாமி என்றது. அடுத்து வந்த மாணவர்கள் அவருக்குக் கிச்சடி பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள், அதற்கும் அடுத்து வந்தவர்கள், பஞ்ச காலத்தில் அவர் நாற்பது நாள் கிச்சடி மட்டுமே சாப்பிட்டு ஏழைகளுக்குச் சேவை செய்தார் என்று ஒரு கதையே சொன்னார்கள். பாவம், அந்த மனிதருக்குக் கிச்சடி ஆகவே ஆகாது. மாலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆள்மாறாட்டம் மாதிரி இது காதுமாறாட்டம்டா என்று சொன்னது யார், இவரா, அவனா. இவர்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். எது எப்படியோ, அது இரண்டு பேர் சொல். யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற மாதிரி பெரிய விஷயமும் இல்லை. கட்டுரையில்கூட இவர் அதைப் போடவில்லை, அது எங்கள் விளையாட்டுச் சொல், ஆராய்ச்சியில் எழுதினால் மரியாதையாக இருக்காது என்று, மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்று நீளமாக, கௌரவமாக எழுதியிருந்தார். ஒருவேளை அவன் வகுப்பில் சொல்லியிருக்கலாம், மாணவன் எவனாவது பிடித்துக்கொண்டிருக்கலாம், அவன் இன்றைக்குப் பெரிய ஆளாகி மதிப்பீடு எழுதுகிறானோ என்னவோ. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த மாணவனை இன்னாசி தேடினார், அவனுக்கு ஒரு முகம்கூடக் கொடுத்துப் பார்த்தார், கண்ணாடி போட்ட மெலிந்த முகம். அந்த முகம் நிற்கவில்லை. ஆயினும் என்ற இடத்தில் எல்லோரும் ஆனாலும் என்று எழுதுகிற காலம் இது, சாட்சி என்று எழுதுகிறவனும் பெர்க்மான்ஸ்தான், மற்றவர்கள் ஆதாரம் என்பார்கள். இதில் ஒரே ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. வலது கை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருப்பான், ஒன்றரைப் பக்கம், இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அவ்வளவு சிரமப்பட்டிருக்கிறான்.

பால்பண்ணை தாண்டி நெரிசலில் பஸ் ஊர்ந்தது. தாளின் மேல்மூலையில் மாசி மாதத் தேதி இருந்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து வந்த சனிக்கிழமை இன்னாசி அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு அவன் கேட்டான், பதில் வந்துச்சா இன்னாசி. இல்லடா, லேட்டாகும்போல இருக்கு. வரும் வரும், பொறுமையா இரு. அப்போது அவன் கை என்ன செய்துகொண்டிருந்தது, முகம் எப்படி இருந்தது, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தானா, எவ்வளவு யோசித்தும் அந்த முகத்தில் ஒரு கோடுகூட மாறியிருந்ததாக ஞாபகம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கட்டுரை போகட்டும், கட்டுரை என்ன கட்டுரை, அந்த முகம் மாறவில்லை என்றால் அதற்கு முந்தின முகங்களும் அப்படித்தானே. கிரேக்க இலக்கணத்தைத் தமிழில் எழுதி அவர் சொந்தமாக அச்சடித்தபோது, இது இல்லாம எப்படிடா இத்தனை வருஷம் இருந்தோம் என்றான், அது உண்மையா. மார்க் சுவிசேஷத்தில் இருபது இடத்துக்குக் குறிப்பு எழுதிக் காட்டியபோது, இதை நான் கிளாஸ்ல சொல்லப்போறேன் என்றான், சொன்னானா. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் பின்னல் முழுக்க வருகிறது. இழுக்காமலும் விரல் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. காந்தி மார்க்கெட் நிறுத்தத்தில் வெங்காய மூட்டையோடு ஒரு பெண் ஏறி, ஐயா கொஞ்சம் காலை மடக்கிக்குங்க என்றாள். மடக்கிக்கொண்டார். முழங்காலில் மூட்டை உரசியது, அப்போதுதான், ஏனென்று தெரியாமல், அந்தப் பழுப்பு உறை ஞாபகம் வந்தது.

தொண்ணூற்றாறு. மதுரையில் ஒரு கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்றார்கள், பட்டம் இல்லாவிட்டாலும் தெரிந்தவர் ஒருவர் சிபாரிசு எழுதினால் பார்க்கலாம் என்றார்கள். பெர்க்மான்ஸ்தான் எழுதினான். உறையை ஒட்டி, மேலே சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தி, இதை நீயே நேர்ல கொண்டுபோய்க் குடு, தபால்ல போட்டா தொலைஞ்சுடும் என்று கையில் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். வழியில் சாப்பிட முந்திரிக்கொத்து வாங்கிக் கொடுத்தான். இன்னாசி நாலு மணி நேரம் அந்த உறையை மடியில் வைத்து, வியர்வை படாமல் மேலே கைக்குட்டை விரித்து, குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார். கல்லூரி முதல்வர் உறையைக் கிழித்துப் படித்தார், மடித்தார், மறுபடியும் பிரித்துப் படித்தார். பிறகு இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை இருபத்தொன்பது வருஷமாக இவர், பட்டம் இல்லாதவன் என்று பார்க்கிற பார்வை என்று நினைத்திருந்தார். நீங்க போய்ட்டு வாங்க, லெட்டர் போடுறோம் என்றார். போடவில்லை. இப்போது அந்தப் பார்வை வேறு மாதிரி தெரிந்தது. என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே கொண்டுவந்து நீட்டுகிறவனை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. இல்லை, அப்படி இருக்காது. நான் அளவுக்கு மீறிப் போகிறேன், ஒரு கட்டுரையில் குற்றம் சொன்னான் என்பதற்காக ஒருவன் வாழ்க்கை முழுக்கத் துரோகி ஆகிவிடுவானா, மனசு இப்படித்தான், ஒரு இடத்தில் கறை பட்டால் துணி முழுக்கத் தடவிப் பார்க்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, எல்லோரும் இறங்குகிறார்கள். இன்னாசி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நின்றுகொண்டே கேட்பது நடக்கவில்லை. அறைக்குள் நுழைந்தபோது பெர்க்மான்ஸ் வெள்ளை அங்கியின் பொத்தான்களோடு ஒற்றைக் கையால் போராடிக்கொண்டிருந்தான், மூன்றாவது பொத்தான் இரண்டாவது ஓட்டையில் மாட்டியிருந்தது. "வந்துட்டியா, இதைப் பாரு, காலையிலேர்ந்து இதே வேலை" என்றான். இன்னாசி குனிந்து எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். தொண்டைக்குழிக்குக் கீழே அவன் தோல் கோழித்தோல் மாதிரி தொங்கியது, பவுடர் வாசனை அடித்தது. பொத்தான் போட்டுவிடுகிற கையோடு ஒருவனைக் கேட்க முடியாது. பிறகு சமையல்கார ஆக்னசம்மா இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள், கத்தரிக்காய் சாம்பார், முட்டை, பீன்ஸ் பொரியல். ஊறுகாய் பாட்டிலை வாங்கிப் பார்த்து, செசிலி எப்படி இருக்கா என்று பெர்க்மான்ஸ் விசாரித்தான். நல்லா இருக்கா. சாம்பாரில் உப்பு கடுமையாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் இன்னாசி இடது கையால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வந்துடுச்சு" என்றார்.

பெர்க்மான்ஸ் பார்த்தான், தொடவில்லை. "எப்ப?"

"வியாழக்கிழமை. நீதானே?"

"ஆமா."

இன்னாசி இதற்குத் தயாராக வரவில்லை. அவன் மறுப்பான், அந்தச் சொல்லைக் காட்ட வேண்டும், கிச்சடிச் சாமியைச் சொல்ல வேண்டும், ஆயினும், சாட்சி, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்க வேண்டும் என்று இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் தேவைப்படவில்லை. கை சோற்றிலேயே நின்றது.

"நீ தெரியாம அந்த வார்த்தையைப் போட்டு மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றான் பெர்க்மான்ஸ். "நான்னு உனக்குத் தெரியணும்னுதான்."

"எதுக்கு?"

"நேர்ல சொல்ல வரல. சொல்லாமயும் இருக்க முடியல."

"தை மாசம் பிரமாதம்னு சொன்னே. அனுப்புன்னு நீதான் சொன்னே."

"வேற யாராவது பாத்துச் சொல்லட்டும்னு நெனச்சேன். அவங்க எனக்கே அனுப்பிட்டாங்க. கிரேக்கம் தெரிஞ்சவன் இந்தப் பக்கம் எத்தன பேரு இருக்கான், சொல்லு."

"முடியாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கலாமே."

"அனுப்பியிருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டான். முட்டையைக் கரண்டியால் இரண்டாக வெட்டினான், ஒரு பாதி வழுக்கித் தட்டின் ஓரத்துக்குப் போனது, அதைப் பிடிக்க அவன் முயலவில்லை. "அந்த நட்சத்திரம் போட்ட வார்த்தை இருக்கே, அது உன் ஆசைடா. அது அவங்க பேரு இல்ல. உனக்கே தெரியும். நேர்ல சொன்னா நீ வராம போயிடுவே. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை எனக்குன்னு வர்ற ஒரே ஆளு நீதான்."

தெரியும்தான். நட்சத்திரம் போட்ட அன்றைக்கே, சாப்பாடு இறங்காத அந்த மத்தியானத்திலேயே, உள்ளே ஒரு மூலையில், அடித்துவிடு இன்னாசி, இதற்குச் சாட்சி இல்லை என்று ஒரு குரல் சொன்னது, புரூஃப் பார்க்கிறவன் குரல், அதைக் கேட்காமல் பேனாவை மூடினவர் அவர்தான். ஆகவே கோபம் அங்கே இல்லை. எங்கே இருக்கிறது என்று தேடினார். எதிரே உட்கார்ந்திருந்தவன் ஒரு பாதி முட்டையைப் பிடிக்க முடியாத நோயாளி, இரண்டு சனிக்கிழமைக்காகப் பொய் சொன்ன தனியன், அவன்மேல் இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தின் மேல் எரிச்சல் வந்தது, இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று வந்து குறுக்கே நின்றுவிடுகிறது. இந்த மூன்று வருஷத்துக்கு அது காரணமாக இருக்கலாம். ரோமாபுரியிலிருந்து வந்த புதிதில், ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன காலத்தில், அவன் யார் வருகைக்காகவும் காத்திருக்கவில்லையே.

"தொண்ணூத்தாறுல மதுரைக்கு ஒரு கவர் குடுத்து அனுப்புனே" என்றார்.

பெர்க்மான்ஸ் தலையைத் தூக்கவில்லை.

"அதுலயுமா?" என்றார் இன்னாசி.

"உண்மையைத்தான் எழுதுனேன், இன்னாசி."

"என்னன்னு?"

"விடு. முப்பது வருஷம் ஆச்சு."

"சொல்லு."

பெர்க்மான்ஸ் சொன்னான். தேடி எடுத்துச் சொல்கிற மாதிரி இல்லை, ஜெபம் சொல்கிற மாதிரி, மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல் வந்தது. "நல்ல உழைப்பாளி. நேர்மையானவர். கற்றதை மறக்காதவர். சுயமாக ஒன்றைச் சிந்தித்துச் சொல்லும் ஆற்றல் இவரிடம் இருப்பதாக நான் கருதவில்லை. தங்கள் முடிவுக்கு விடுகிறேன்."

அத்தனை வருஷமும் அவனும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது இன்னாசிக்குப் புரிந்தது, புரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலு மணி நேரம், கைக்குட்டை விரித்து. அந்த வரிகள் அவருடைய மடியில்தான் இருந்தன, துவரங்குறிச்சியில் பஸ் நின்றபோது இவர் முந்திரிக்கொத்தைப் பிரித்து ஒன்று சாப்பிட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கும் ஒன்று கொடுத்தார், எங்க சார் போறீங்க, வேலை விஷயமா மதுரைக்கு, நம்ம ஃபிரண்டு லெட்டர் குடுத்திருக்கார். தான் அப்படிச் சொன்ன அந்தக் குரல் இப்போது காதில் கேட்டது, சின்ன வயசுக் குரல், பெருமையான குரல், அந்தக் குரலுக்காக அவருக்கு வெட்கமாக இருந்தது, பெர்க்மான்ஸுக்காக இல்லை. ஆக்னசம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டு தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார், சோற்றை மீதம் வைத்துப் பழக்கமில்லை. கை கழுவினார். தாளை எடுத்து மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வரேன்" என்றார். பெர்க்மான்ஸ் எழ முயன்றான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, முடியாமல் உட்கார்ந்தான். இன்னாசி போய்த் தூக்கிவிடவில்லை. வழக்கமாகத் தூக்கிவிடுவார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி நாலு பக்கத்தை வெட்டிவிட வேண்டும், நட்சத்திரத்தோடு சேர்த்து. அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம், அது உண்மை, போடுவார்களோ மாட்டார்களோ, திங்கட்கிழமை அனுப்பிவிட வேண்டும். அவன் சொன்னது சரி. இரண்டு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, அதுதான் ஆறவில்லை. பொய்யாக எழுதிக் கெடுத்திருந்தால் அவனை வெறுத்துவிட்டுப் போகலாம், இவன் உண்மையை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறான். இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்பது சத்திரத்தில் படியில் கால் வைக்கும்போதே முடிவாகிவிட்டது, முடிவு செய்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது, பார்த்தபோது அது அங்கே இருந்தது. செசிலியிடம் முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். மார்க்கெட் தாண்டும்போது போன் அடித்தது. ஒரு கையால் தடவி எடுத்தார்.

"பஸ் கெடச்சுதா?" என்றான் பெர்க்மான்ஸ்.

"கெடச்சுது."

"ஒக்கார எடம்?"

"இருக்கு. ஜன்னலோரம்."

"கோவமா இன்னாசி?"

"கோவம் என்னடா. நீ எழுதுனது சரிதானே. நானே கடசி பாகத்தை வெட்டிடலாம்னுதான் நெனச்சிருந்தேன்."

"அடுத்த தரம் வருவேல்ல?"

"வராம என்ன. மீன் கொண்டாரேன், செசிலிய வறுக்கச் சொல்லி."

"சரிடா" என்றான் பெர்க்மான்ஸ், குரல் தெளிந்திருந்தது. "பாத்துப் போ."

இன்னாசி போனைப் பையில் போட்டார். குரல் எங்கும் பிசிறவில்லை. மீனைப் பற்றிச் சொன்னபோது உண்மையிலேயே ஒரு சிரிப்புகூட வந்திருந்தது, அது இன்னும் உதட்டில் இருப்பது தெரிந்தது. அவனிடம் இதுவரை அவர் பொய் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததில்லை. பஸ் குலுங்கியது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.